சுவருக்குப் பின்னால் நின்ற பிரேசிலி

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் சந்துக்குள் திரும்பியபோது, சுக்ரியா தன் வீட்டுச் சுவரைத் தானே இடித்துக்கொண்டிருந்தாள். தூசிக்காகத் தலைத்துணியை மூக்கு மறையக் கட்டியிருந்தாள். சில மாதம் முன்புவரை மூன்று வருஷமாக இதேபோல மூக்கு மறையக் கட்டிக்கொண்டுதான் வெளியே வந்தாள். அது கசையடிக்குப் பயந்து. இன்று கட்டியது தும்மலுக்குப் பயந்து. இந்த வித்தியாசம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"உம்மு காயிப், வீட்டுல கொத்தனார் இருக்கறப்ப நீ எதுக்கு சம்மட்டி தூக்கறே?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"கொத்தனாருக்கு இடுப்பு வலியாம். கட்டும்போது வலிக்காத இடுப்பு, இடிக்கச் சொன்னா வலிக்குது."

கொத்தனார் அவளுடைய தம்பி இத்ரீஸ். பக்கத்து வீடு. அந்தக் கூட்டத்திலேயே, தஸ்பீஹ் என்ற ஜெபமாலை மணிகளை உருட்டிக்கொண்டு நின்றான்.

"மாட்டேன்னா சொன்னேன், அக்கா? நாள் பாத்துச் செய்யலாம்னுதானே சொன்னேன்."

"சுவத்துக்கு என்னடா நாளு? அதுக்கென்ன கல்யாணமா பண்ணப் போறோம்?"

ஆண்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். அடுத்த அடியில் சுவரில் ஓர் ஓட்டை விழுந்தது. உள்ளே இருட்டில், தூசிப் போர்வைக்குள், ஒரு காரின் முன்விளக்கு மங்கலாகத் தெரிந்தது.

உம்மு காயிப் என்றால் இன்னும் வராதவனின் தாய். மோசூலில் பிள்ளையில்லாத பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மரியாதைக்காகவாம். பிறக்காத ஒரு மகனுக்காக, பிறந்து வளர்ந்து எதிரே நிற்கிறவளின் பெயரை மறந்துவிடுவதில் என்ன மரியாதையோ தெரியவில்லை. சுக்ரியாவைச் சுக்ரியா என்று கூப்பிட்டது மூன்று பேர்தான். அம்மா, புருஷன், மெக்கானிக் தன்னூன். முதல் இரண்டு பேரும் இப்போது இல்லை.

புருஷன் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் தெற்கே ஈரான் போர்முனைக்குப் போனான். ஃபாவ் பக்கத்துச் சேற்றில் செத்தான் என்று சொன்னார்கள். அரசாங்கம் அவனுக்கு ஈடாக ஒரு காரைக் கொடுத்தது. அந்த நாளில் போரில் செத்தவர்களின் வீட்டு வாசலில் எல்லாம் அதே மாதிரி கார் வந்து நின்றது. பிரேசிலிலிருந்து கப்பலில் வந்ததால் பிரேசிலி என்றே அதற்குப் பெயர். ஒரு தெருவில் எத்தனை பிரேசிலி நிற்கிறது என்று பார்த்தால், அந்தத் தெருவில் எத்தனை பேர் விதவையானார்கள் என்று தெரிந்துவிடும். ஆட்சியாளர்கள் ஒருவருக்கொருவர் மீசையை முறுக்கிக்கொண்ட சண்டைக்கு, இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்குக் கிடைத்த பங்கு நாலு சக்கரம்.

புகுந்த வீட்டார் காரை எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். பொம்பளைக்கு எதுக்குக் கார் என்றார்கள். "ஆம்பளைய எடுத்துக்கிட்டுக் குடுத்த கார். ஆம்பளையத் திருப்பிக் குடுங்க, காரத் தர்றேன்" என்றாள் சுக்ரியா. கார் அவளிடமே நின்றது. தன்னூன்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தான், தானியக் கிடங்குக்கு வெளியே இருந்த பொட்டலில். அப்போது அவனுக்கே மீசை சரியாக முளைக்கவில்லை.

அதிலிருந்து அவள் 'லைன்' ஓட்டினாள். காலையில் வீடு வீடாகப் பெண்பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மத்தியானம் திருப்பிக் கொண்டுவருவது. முன்பின் தெரியாத ஆண் ஓட்டுகிற வண்டியில் மகளை ஏற்றாத அப்பன்கூட, உம்மு காயிபின் வண்டி என்றால் அனுப்பினான். பொருளாதாரத் தடை நாட்களில் டயருக்குள் டயர் வைத்துத் தைத்து ஓட்டினாள். வெளிநாட்டுப் படை வந்தபோது பின்கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஓட்டினாள். அந்த வண்டியின் பின்சீட்டில் வாய்ப்பாடு ஒப்பித்தவர்களில் ஒருத்தி பல் டாக்டர், ஒருத்தி பாலம் கட்டும் இன்ஜினியர். அந்தப் பாலத்தைத்தான் இப்போது குண்டு போட்டு உடைத்துவிட்டார்கள்.

கறுப்புக் கொடிக்காரர்கள் ஊருக்குள் வந்த வருஷம் லைன் நின்றது. பெண் கார் ஓட்டக்கூடாது. அப்பனோ சகோதரனோ துணை வராமல் வீட்டைவிட்டே வரக்கூடாது. கார்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போன கார்கள் எதற்குப் பயன்பட்டன என்று ஊருக்குத் தெரியும். சந்தையிலும் சோதனைச் சாவடியிலும் வெடித்துச் சிதறியவற்றில் பாதி, யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை சோப்பு நுரை போட்டுக் கழுவிய கார்.

அப்போதுதான் இத்ரீஸ் கராஜ் வாசலை அடைத்துச் சுவர் எழுப்பினான். மோசூல் கொத்தனார்களின் ஜுஸ் என்ற வெள்ளைச் சாந்து, குழைத்த கை காய்வதற்குள் இறுகிவிடும். ஒரே பகலில் சுவர் எழும்பியது. கறுப்புத் தேநீரும் கரியும் கலந்து பூசி, நூறு வருஷத்துச் சுவர் போல ஆக்கிவிட்டான். கறுப்புக் கொடிக்காரர்கள் அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வெயிலுக்கு இளைப்பாறிவிட்டுப் போனார்கள். கெட்டிக்கார வேலைதான். சுக்ரியா அதை எப்போதும் ஒத்துக்கொண்டாள்.

பிறகு மூன்று வருஷம் அவள் தக்காளி வாங்கப் போனாலும் இத்ரீஸ் முன்னால் நடந்தான், அவள் பின்னால் நடந்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. "அக்கா, தலையக் குனிஞ்சுக்க" என்பான். "அக்கா, இன்னிக்கு எனக்கு வேல இருக்கு, நாளைக்குப் போவோம்" என்பான். அந்த நாளை பல தடவை வாரக்கணக்கில் நீண்டது.

இப்போது அவர்கள் போய்விட்டார்கள். பாதி ஊரும் அவர்களோடு இடிந்து போய்விட்டது. ஆற்றின் இந்தப் பக்கம், வலக்கரையில், பெண்கள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கம்பியும் கல்லும்தான் மிச்சம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இடக்கரையில், ஒரு பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. அடுத்த ஞாயிறு. ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், முதல் நாள் வராத பிள்ளையின் இடம் காத்திருக்கிற இன்னொருத்திக்குப் போய்விடும். சந்தில் ஐந்து பெண்பிள்ளைகள். நடந்து போகலாம் என்றால் வழியில் புதைகுண்டு இன்னும் எடுத்து முடியவில்லை. வேறு வண்டியில் அனுப்ப எந்த வீட்டுக்கும் துணிச்சல் இல்லை. ஐந்து வீட்டிலும் ஒரே பேச்சு: "உம்மு காயிபோட வண்டி ஓடினா அனுப்பறோம்."

ஓடினால்.

*

ஊர் உஸ்தா, அதாவது தொழில் தேர்ந்தவர், என்று கூப்பிடும் தன்னூன் மறுநாள் காலையில் கருவிப்பெட்டியோடு வந்தான். குண்டு விழுந்ததில் அவனுக்கு ஒரு காது போயிருந்தது. எந்தக் காது என்பதை மறந்துவிட்டு எல்லாரும் தவறான பக்கத்திலிருந்தே பேசினார்கள்.

"சாவியப் போட்டுத் திருகிப் பாத்துடலாமே, உஸ்தா!" என்றாள் எதிர்வீட்டு பஹீஜா. விதவை. அவள் மகள் ருவைதா அந்த ஐந்தில் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்பில் இருக்க வேண்டியவள் ஆறாம் வகுப்பில் நின்றுபோயிருந்தாள்.

"என்ன சொல்றா?" என்றான் தன்னூன்.

"சாவியத் திருகலாமாங்கறா" என்றாள் சுக்ரியா.

"மூணு வருஷம் படுத்த படுக்கையா கெடந்தவளக் கையப் பிடிச்சு டான்ஸ் ஆடச் சொல்ற மாதிரி. உள்ள எண்ணெயெல்லாம் வடிஞ்சு போயிருக்கும். பிஸ்டன் துருப்பிடிச்சு ஒட்டியிருந்தா, சாவியத் திருகினதும் உடைஞ்சுபோகும். அப்புறம் எஞ்சினத் தட்டுல பரப்பி வெச்சுத் தனித்தனியாப் பாக்கலாம்."

பானெட்டைத் திறந்தார்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி ஒன்று சீட்டின் பஞ்சை உருவிக் குடும்பம் நடத்தியிருந்தது. "அங்க மட்டும் சுதந்திரம் இருந்திருக்கு" என்றாள் சுக்ரியா. கூட்டை வழித்துப் போட்டாள். பிளக்குகள் நாலையும் கழற்றி, ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றினார்கள். ஊறட்டும் என்று விட்டார்கள்.

எண்ணெய் ஊறுகிற நேரத்தில் பெட்ரோல் டாங்கைக் காலி செய்தார்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் அடித்தது. கார்பரேட்டரைப் பிரித்தபோது கிண்ணத்துக்குள் பேரீச்சம்பழப் பாகு மாதிரி ஏதோ ஒன்று உறைந்து கிடந்தது. சுக்ரியா அதன் மயிரிழைத் துளைகளை ஒவ்வொன்றாகச் செப்புக் கம்பியால் குத்தி, வாயால் ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பெட்ரோல் பம்பின் ரப்பர் வெடித்திருந்தது. அதற்கு மாற்று வாங்க ஊரில் கடை இல்லை. தெருமுனையில் பின்பாதி போன இன்னொரு பிரேசிலி கிடந்தது. அதன் முன்பாதியிலிருந்து பம்பைக் கழற்றினார்கள். சொந்தக்காரர் யார் என்று கேட்க அந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. தன்னூன் கழற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து நின்றான். சுக்ரியாவும் நின்றாள்.

மறுநாள் தன்னூன், எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க, அதன் முன்பக்கத்துப் பெரிய நட்டில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினான். அசையவில்லை.

இத்ரீஸ் வாசலில் வந்து நின்றான். "பேரீச்சம் மரத்த அசைச்ச மாதிரி இருக்கு, உஸ்தா. விட்டுருங்களேன். பழைய இரும்புக்குப் போட்டா ஒரு அடுப்பாவது வாங்கலாம்."

"அடுப்பு இருக்கு. அதுல பிள்ளைங்கள ஏத்திட்டுப் போக முடியாது" என்றாள் சுக்ரியா.

"முழுப் பலத்தையும் போட்டு ஒரு அழுத்து அழுத்தட்டுமா?" என்றான் தன்னூன்.

"வேணாம். ஊறட்டும்."

இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்கள். திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் சுக்ரியா தனியாக வந்து, ஸ்பேனரை மாட்டி, உடம்பின் எடையை மெல்ல அதன்மேல் சாய்த்தாள். கைக்குள் ஏதோ இளகியது. பல்விளக்கும் குச்சி அகலத்துக்குத்தான். பின்னால் தள்ளினாள், வந்தது. முன்னால் தள்ளினாள், இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போயிற்று. தன்னூன் வீட்டுக்கே ஓடினாள், செருப்பு ஒரு காலில்தான் இருந்தது என்பதை அங்கே போய்தான் பார்த்தாள்.

"ஒட்டிக்கல! சுத்துது!"

"என்ன?"

"சுத்துதுடா செவிடா!" என்று நல்ல காதுப் பக்கம் போய்க் கத்தினாள்.

எஞ்சினைக் கையாலேயே பல சுற்றுச் சுற்றினார்கள். தார் மாதிரி இருந்த ஆயிலை வடித்துப் புது ஆயில் விட்டார்கள். பொறி கிளப்பும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார்கள். பேட்டரியைத் தன்னூன் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். பிளக்கை வெளியே வைத்துத் திருகியபோது நீலப் பொறி தெறித்தது. எல்லாவற்றையும் மாட்டிக் கார்பரேட்டர் வாயில் ஒரு கரண்டி பெட்ரோல் ஊற்றி, சுக்ரியா சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

உறுமியது. சந்தில் பெண்கள் குலவையிட்டார்கள். பஹீஜா மாடியிலிருந்து ஒரு கைப்பிடி மிட்டாயை வீசினாள். மிட்டாய் கீழே விழுவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது.

மறுபடி திருகினாள். உறுமி, விம்மி, அடங்கியது. மறுபடியும். தொண்டையில் யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல ஒவ்வொரு தடவையும் இரண்டு மூச்சில் அடங்கிப் போயிற்று.

*

வியாழக்கிழமைக்குள் சந்து முழுக்க ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

"ஜின்தான்" என்றாள் பஹீஜா. "மூணு வருஷம் இருட்டுல பூட்டி வெச்ச எடம். ஜின் குடியேறாம இருக்குமா? ஓதற ஷேக்கக் கூட்டிட்டு வர்றேன். ஒரு சேவல அறுத்து ரத்தத்த பம்பர்ல தடவினா..."

"கார்பரேட்டர்ல துப்பினாலும் துப்புவாரு உன் ஷேக்கு. வேணாம்."

"நம்பிக்க இல்லேன்னா எப்படி, உம்மு காயிப்?"

"மூணு வருஷமா இந்த ஊர்ல என்ன நடந்துச்சு, பஹீஜா? உன் புருஷனக் கொண்டுபோனது ஜின்னா? பள்ளிக்கூடத்தப் பூட்டினது ஜின்னா? எல்லாத்துக்கும் பேரும் முகமும் தாடியும் இருந்துச்சு. மனுஷன் செஞ்சதையெல்லாம் ஜின் தலைல போட்டா, மனுஷன் தப்பிச்சுப் போயிடுவான்."

பஹீஜா கராஜ் படியில் உட்கார்ந்து அழுதாள். ருவைதாவின் சீருடையை அன்று காலையில்தான் தைத்து முடித்திருந்தாள். அதைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

இத்ரீஸ் தெருவில் நின்றபடியே சொன்னான்: "இது வேணாம்னு ஆண்டவனே காட்டறான், அக்கா. இன்னும் புரியலேன்னா எப்படி?"

"ஆண்டவனுக்கு என் கார்பரேட்டர்ல என்னடா வேல?" என்றாள். ஆனால் சத்தம் முன்பு மாதிரி வரவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து நாட்களை எண்ணினாள். இன்றைக்கு வியாழன். சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் ஐந்து இடமும் போய்விடும். ஒரு தடவை வீட்டில் நின்றுவிட்ட பெண்பிள்ளையை யாரும் மறுபடி வெளியே அனுப்புவதில்லை; அடுத்த பேச்சு மாப்பிள்ளைப் பேச்சுதான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நிமிர்ந்தாள். "உஸ்தா, முதல்ல இருந்து யோசிப்போம். பெட்ரோல் வருதா?"

"வருது."

"பொறி?"

"உன் கண்ணால பாத்தியே."

"காத்து?"

"ஃபில்டரயே கழட்டி வெச்சிருக்கேன். இதுக்கு மேல காத்துன்னா புயல்தான்."

"எல்லாம் உள்ள போகுது. அதான் பத்திக்குது. பத்தினது அப்புறம் எங்க போகுது?"

தன்னூன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

சுக்ரியா இறங்கிப் பின்பக்கம் போனாள். தரையில் மல்லாந்து படுத்து, சைலன்சர் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். "இப்ப திருகு!"

எஞ்சின் உறுமியது, விம்மியது, நின்றது. அவள் கையில் ஒரு பூனையின் மூச்சுகூடப் படவில்லை.

குழாயின் வாயை முதல் நாளே விளக்கடித்துப் பார்த்திருந்தார்கள். கறுப்பாக, சும்மாதான் தெரிந்தது. இப்போது தெருவில் கிடந்த கம்பித் துண்டு ஒன்றை எடுத்து உள்ளே விட்டாள். முழங்கை ஆழம் போய், டொக் என்று நின்றது. எலிக்கூடாக இருந்தால் மெத்தென்று இருக்கும். சுரண்டி வெளியே இழுத்தாள். கம்பியின் நுனியில் முதலில் கரி. கரிக்குப் பின்னால் வெள்ளை.

அந்த வெள்ளையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். அந்த ஊரில் பிறந்த எவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜுஸ். அதன்மேல் கரியைப் பூசி மறைத்த விதமும் தெரிந்த கைதான்.

அவள் தலையைத் திருப்பவே இல்லை. பஹீஜாவும் தன்னூனும் திரும்பித் தெருவைப் பார்த்தார்கள். தஸ்பீஹ் மணி உருளுவது நின்றுபோயிருந்தது.

"இத்ரீஸ், உள்ள வா" என்றாள்.

வந்தான். "உனக்காகத்தான் செஞ்சேன், அக்கா" என்று அவனே ஆரம்பித்தான். "சுவரைக் கண்டுபிடிச்சு உடைச்சிருந்தா? வண்டியக் கொண்டுபோய் எங்கயாவது வெடிக்க வெச்சிருப்பானுங்க. எத்தன உயிரு? அது கிளம்பவே கூடாதுன்னுதான்..."

"சரி. அதுக்கு உன் கையில முத்தம் குடுக்கறேன். அன்னிக்கு நீ செஞ்சது சரி." படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "இந்த வாரம்? உஸ்தா விரல் கிழிய வேல செஞ்சதப் பாத்துட்டே நின்னே. இவ படியில உக்காந்து அழுததப் பாத்தே. ஆண்டவன் வேணாங்கறான்னு சொன்னே. இன்னிக்கு யாரக் காப்பாத்தினே?"

இத்ரீஸ் தரையைப் பார்த்தான். "இந்த வயசுல நீ தனியா ஆத்தத் தாண்டிப் போய்வந்தா ஊரு என்ன பேசும்? எங்க போகணுமோ சொல்லு, நான் கூட வர்றேன். மூணு வருஷமா வரலையா? ஒரு நாளாவது குற வெச்சேனா?"

அவ்வளவுதான் விஷயம். அவன் கெட்டவன் இல்லை. சுவர் கட்டிய அன்று உயிரைப் பணயம் வைத்தவன். ஆனால் அந்த மூன்று வருஷத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவன் பின்னால் ஒரு ஆள் நடந்தது. அவன் சொன்னால்தான் ஒரு கதவு திறந்தது. கறுப்புக் கொடிக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது அவர்கள் கொடுத்த அந்தப் பதவியை மட்டும் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிகாரத்தை ருசி பார்த்த ஆண் எவனும் கேட்காமல் கொடுத்ததில்லை.

"உளிய எடுத்துட்டு வா. நீ அடைச்சத நீயே பிரி" என்றாள் சுக்ரியா.

அவன் போனான். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள்.

"குழாய அறுத்து எறிஞ்சுடவா? ஒரு நிமிஷ வேல" என்றான் தன்னூன்.

"சைலன்சர் இல்லாம மெஷின் கன் மாதிரி சத்தம் போட்டுட்டு சோதனைச் சாவடிக்குப் போகச் சொல்றியா? பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு?"

"அதுவும் சரி."

ஜுஸ்ஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் ஆகாது. "கார் பின்பக்கம் தாழற மாதிரி முன்சக்கரத்துக்குக் கீழ கல்லு வெச்சு..." என்று ஆரம்பித்த தன்னூன், தானே தலையை ஆட்டிக்கொண்டு மாற்றிச் சொன்னான்: "சே, தண்ணி வெளிய வழிஞ்சுடும். முன்பக்கம் தாழணும்." ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். கெட்டிலால் சுடுதண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, கம்பியால் குத்தினார்கள். ஊற்றிக் குத்தி, குத்தி ஊற்றி, செதில் செதிலாக வந்தது. பஹீஜா அழுகையை முடித்துவிட்டுத் தானும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டாள்.

"உன் தம்பி நல்ல கொத்தனாரு. நம்ம கெட்ட நேரம்" என்றான் தன்னூன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

வெள்ளி மத்தியானம் கம்பி தடையில்லாமல் உள்ளே போனது. அடைப்பின் கடைசியில் சுருட்டித் திணித்த கோணித் துணியையும் கொக்கி போட்டு இழுத்தார்கள். சுக்ரியா சாவியைத் திருகினாள்.

குழாயிலிருந்து முதலில் கொழகொழவென்று வெள்ளைச் சேறு சந்துச் சுவர்மேல் அடித்தது. பிறகு நீலப் புகை, எதிர்வீட்டு மாடி மறையும் அளவுக்கு. பிறகு எஞ்சின் தடுமாறி, இருமி, ஒரு தாளத்துக்கு வந்தது. யாரும் குலவையிடவில்லை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அது நிற்கவில்லை. தன்னூன் நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் வைத்துப் பிடியைத் தாடை எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்டான். "அடடா, தேனு மாதிரி இருக்கு" என்றான். அப்போதுதான் பஹீஜா குலவையிட்டாள், அவனுடைய நல்ல காதுக்குள்.

சுக்ரியா அழுகை வருமென்று நினைத்தாள், வந்தது பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பஹீஜா கொண்டுவந்த தட்டு அகலக் குப்பாவை, கறுத்த கையோடு, எஞ்சின் பக்கத்தில் நின்றபடியே பிய்த்துத் தின்றாள். கோதுமை மேல்தோலும் கறியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வந்தது. அப்படி ஒரு குப்பாவை அவள் அதற்குமுன் சாப்பிட்டதில்லை.

இத்ரீஸ் வெளியே வரவில்லை. அவளும் போய்க் கதவைத் தட்டவில்லை. ஒரு நாள் பேசிக்கொள்வார்கள். அவன் முன்னால் நடக்க அவள் பின்னால் நடப்பது மட்டும் இனி இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டில் ஒருத்தி, பின்சீட்டில் நாலு பேர். ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டார்கள். மூன்று வருஷத்தில் எல்லாருக்கும் கால் நீண்டுவிட்டதால் பின்சீட்டு போதவில்லை.

"சித்தி, இவ என்னை இடிக்கறா!"

"இடிச்சா நீயும் இடி. பேசாம உக்காரு."

ராணுவம் போட்டிருந்த மிதவைப் பாலத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. வரிசையில் நின்றபோதெல்லாம் சுக்ரியா ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருந்தாள். நின்றுபோனால் பின்னால் ஐம்பது வண்டி ஹாரன் அடிக்கும். தெற்கத்திப் பேச்சு பேசிய ஒரு சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்தான்.

"எங்கம்மா?"

"பள்ளிக்கூடம்."

"நீங்க டீச்சரா?"

"டிரைவர்" என்றாள். அந்தச் சொல்லைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று!

சிப்பாய் கையை அசைத்தான். பாலத்தின் இரும்புத் தகடுகள் தடதடத்தன. பழுப்பு நிறத்தில் ஆறு கீழே ஓடியது. பின்சீட்டில் சண்டை நின்றுபோய், ஐந்து பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பள்ளிக்கூட வாசலில் அவர்களை இறக்கிவிட்டாள். ருவைதா கதவை மூடிய வேகத்தில் ஜன்னல் கண்ணாடி கதவுக்குள் இறங்கிவிட்டது. அதை மேலே இழுத்துவிட்டுப் பள்ளிக்குள் ஓடினாள். ஐந்து தலையும் கூட்டத்துக்குள் கலந்து, எது எதுவென்று தெரியாமல் போகும்வரை சுக்ரியா பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினை அணைக்க மனம் வரவில்லை. அணைத்தால் மறுபடி பிடிக்குமா? மத்தியானம்வரை இப்படியே ஓடவிட்டால் என்ன என்றுகூட யோசித்தாள்.

வகுப்பறை ஜன்னலிலிருந்து ஒரு டீச்சர் தலையை நீட்டினாள். "அம்மா, அந்த வண்டிய அணைச்சுடுங்களேன்! பேர் கூப்பிடறது யாருக்கும் கேக்கல!"

சுக்ரியா சாவியைத் திருகி அணைத்தாள். அமைதி. ஜன்னல் வழியாகப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆஜர்". தன்னுடைய ஐந்தும் வரும்வரை காத்திருந்தாள். ஐந்தாவதும் வந்தது. பிறகு கையைச் சாவிமேல் வைத்துத் திருகினாள்.

முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது.

"அம்மா!" என்று ஜன்னலிலிருந்து மறுபடியும் குரல்.

"இதோ போயிட்டேன், போயிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள் சுக்ரியா.